“நீங்கள் எவடம்?”: மிசிஸ் பேர்லிங்கும் எங்கட அம்மாக்களும்

லண்டனில பத்தாம், பதினோராம் ஆண்டு படிக்கிற எங்கட ஆக்களின்ர பிள்ளையள் கனபேருக்கு ஒரு நாடகம் பாடமாக இருக்கிறது. ஜே. பி. பிரீஸ்ட்லி எழுதிய ‘ஆன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ்’. வீட்டுக்கு ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருகிற கதை. அந்தப் பிள்ளையளிட்ட ரீச்சர்மார் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்வி: மகளும் மகனும் மனம் மாறுகிறார்கள், தாய் மட்டும் ஏன் கடைசிவரை அசையவே இல்லை? போன வருசம் சொந்தத்தில ஒரு பிள்ளை இதை வட்ஸ்அப்பில எனக்கு அனுப்பி, “அண்ணா, இவ ஏன் இப்பிடி?” எண்டு கேட்டிருந்தா. சாவகச்சேரியில இருக்கிற எனக்கு அந்தத் தாயை விளங்கிக்கொள்ள இங்கிலாந்துச் சரித்திரத்தை விட எங்கட ஊர்ச் சரித்திரம்தான் கூட உதவினது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதை. வருடம் 1912. இங்கிலாந்தில் பிரம்லி என்ற ஒரு கற்பனைத் தொழிற்சாலை நகரம். பேர்லிங் குடும்பத்தில் மகள் ஷீலாவுக்கு நிச்சயதார்த்த விருந்து. மாப்பிள்ளை ஜெரால்ட், தங்களை விடப் பெரிய கொம்பனிக்காரரின் மகன். சாப்பாடு முடிந்து எல்லாரும் சந்தோசமாக இருக்கிற நேரம் இன்ஸ்பெக்டர் கூல் வருகிறார். ஈவா ஸ்மித் என்ற இளம் பெண் கிருமிநாசினி குடித்துச் செத்துப்போனா என்கிறார். ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். தகப்பன் தன்ர தொழிற்சாலையில் சம்பள உயர்வு கேட்டு நின்றதற்காக அவவை வேலையால் நிறுத்தியவர். வாரத்துக்கு 22 ஷில்லிங் 6 பென்சிலிருந்து 25 ஷில்லிங் கேட்டார்கள், அவ்வளவுதான். மகள் ஒரு கடையில் கோவத்தில் முறைப்பாடு செய்து அடுத்த வேலையையும் இல்லாமல் பண்ணினவ. மாப்பிள்ளை கொஞ்ச நாள் வைத்திருந்து விட்டவர். மகன் எரிக் பிள்ளையைக் கொடுத்தவர். கடைசியாகத்தான் தாய், சிபில் பேர்லிங்.

(ஈவாவையும் ‘அவ’ எண்டுதான் எழுதுறன். மிசிஸ் பேர்லிங்குக்கு ‘அவ’, ஈவாவுக்கு ‘அவள்’ எண்டு எழுதினால் வாசிக்கிற ஆருக்கும் வித்தியாசமாத் தெரியாது. அந்த ‘ள்’ எங்கட ஊரில வெறும் ஒரு எழுத்தில்லை.)

மிசிஸ் பேர்லிங் நகரத்துப் பெண்கள் தருமச் சங்கம் ஒன்றில் முக்கியமான ஆள். இரண்டு கிழமைக்கு முதல் அந்தக் கொமிற்றிக்கு முன்னால் கர்ப்பிணியான ஈவா உதவி கேட்டு வந்தா. வரும்போது தன்ர பெயர் மிசிஸ் பேர்லிங் என்று சொல்லிவிட்டா. தங்கட பேரை இவ எடுத்துவைத்ததுதான் சிபிலுக்கு முதல் கோவம். பிறகு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, சொன்னது பொய் என்று பிடித்து, தன்ர செல்வாக்கைப் பாவித்து உதவி கிடைக்காமல் செய்கிறா. பிள்ளையின் தகப்பன் களவெடுத்த காசு தந்தார், அது வேண்டாமென்று விட்டேன் என்று ஈவா சொன்னதையும் அவ நம்பவில்லை. அந்தமாதிரி வேலைக்காரப் பெட்டையளுக்கு அப்பிடியான மானம் இருக்கும் என்று அவவின் தலைக்குள் போகவில்லை. இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறா: அந்தத் தகப்பனைத் தேடிப் பிடித்து எல்லாருக்கும் பாடமாகத் தண்டியுங்கோ. அந்தத் தகப்பன் தன்ர மகன் என்று மகளுக்கு விளங்கி, “அம்மா, நிப்பாட்டுங்கோ” என்று கெஞ்சுகிற அளவுக்குப் போகிறது. தாய்க்கு மட்டும் விளங்கவில்லை. விளங்கின பிறகும் பெரிய மாற்றமில்லை. இன்ஸ்பெக்டர் போன பிறகு, அவருக்கு நான் ஒருத்திதான் விட்டுக்கொடுக்கவில்லை என்று பெருமைப்படுகிறா.

பிரீஸ்ட்லி இதை எழுதினது 1944–45 குளிர்காலத்தில், யுத்தம் முடியிற நேரம். முதலில் மேடையேறியது 1945இல் சோவியத் நாட்டில், லண்டனில் 1946இல். 1912ஐப் பற்றி எழுதினாலும் அவர் கதைத்தது 1945ஐப் பற்றி: யுத்தத்துக்குப் பிறகு இந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் திரும்பிப் போகப்போகிறோமா என்ற கேள்வி. அந்தப் பழைய வீட்டில் ஏழைகளுக்கு உதவி என்பது உரிமை இல்லை, யாராவது பார்த்துக் கொடுக்கிறது. 1869இல் லண்டனில் தொடங்கின தருமச் சங்கங்களின் அமைப்பு ஒன்று இந்த வேலையை ஒரு முறையாகவே வளர்த்தது. வீடு வீடாகப் போய் விசாரித்து, ‘உதவிக்குத் தகுதியான ஏழை’, ‘தகுதியில்லாத ஏழை’ என்று பிரிப்பது. அந்த விசாரணைக்குப் போனவர்களில் கனபேர் மிசிஸ் பேர்லிங் மாதிரியான வசதியான வீட்டுப் பெண்கள். வாக்குரிமை இல்லை, தொழில் இல்லை, தொழிற்சாலை புருசன்ர கையில. ஆனால் ஒரு ஏழைப் பெண்ணைத் தனக்கு முன்னால் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற அதிகாரம் மட்டும் அவவுக்கு இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு எங்கட ஊர் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் புதுசா ஒருவர் போனால் தேத்தண்ணிக்கு முதல் வருகிற கேள்வி: “தம்பி எவடம்?” ஊரைச் சொன்னால் அது போதாது. “அங்க எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிட்டவோ? ஆற்ற ஆக்கள்?” மூன்றாவது கேள்விக்குள் ஆள் யாரென்று முடிவாகிவிடும். தேத்தண்ணி எந்தக் கப்பில வரும் என்பதும். இதைக் கேட்கிறது பெரும்பாலும் அப்பா இல்லை. அப்பா பேப்பர் பார்த்துக்கொண்டு சிரிச்சபடி இருப்பார். கேட்கிறது அம்மா, இல்லாட்டி அம்மம்மா.

ஏன் அம்மா? அதுக்கு நிலத்தையும் சீதனத்தையும் பார்க்கவேண்டும்.

1707ஆம் ஆண்டு தேசவழமை ஒல்லாந்தரின் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்து, உள்ளூர் முதலிமார் 12 பேர் சரிபார்த்தார்கள். சரிபார்த்தவர்கள் யார் என்பதைக் கவனியுங்கோ. வயல், காணி, ஆட்கள் வைத்திருந்த ஆண்கள். அந்தத் தொகுப்பில் சொத்து மூன்று விதமாகப் பிரிகிறது: முதுசம், சீதனம், தேடியதேட்டம். பழைய வழக்கப்படி தாயின் சீதனம் மகளுக்குச் சீதனமாகப் போகும். தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு. அதே தொகுப்பில் அடிமைகள் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. வீட்டையும் தோட்டத்தையும் எப்படிப் பிரிக்கிறது என்று சொல்கிற அதே கையெழுத்துத்தான் மனிதரை எப்படி வைத்திருக்கிறது என்றும் சொல்கிறது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான்.

ஆக, யாழ்ப்பாணத்துத் தாய்க்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அது அவவின் அம்மாவிடமிருந்து வந்தது, அவவின் மகளுக்குப் போகவேணும். நடுவில் பிழையான ஆள் ஒருவர் கலந்துவிட்டால் வீடு, காணி, கிணறு, கோயில் திருவிழா உபயம் எல்லாம் அடுத்த பக்கம் போய்விடும் என்ற பயம். ‘எவடம்’ என்ற கேள்வியை வெறும் விடுப்பு என்று நினைக்கக்கூடாது. அது காணி உறுதியைச் சரிபார்க்கிற மாதிரி ஒரு வேலை. அந்த வேலைக்கு அம்மாவை வைத்திருந்தார்கள்.

வைத்திருந்தார்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. நாடகத்துக் கதை நடக்கிறதுக்கு ஒரு வருடம் முதல். அந்தச் சட்டப்படி, கலியாணம் கட்டின பெண் தன்ர அசையாச் சொத்தை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வீடு அவவின் பேரில். கையெழுத்து அவரிடம். எங்கட அம்மம்மாமார் ‘என்ர வீடு, என்ர வளவு’ என்று காலம் முழுக்கச் சொன்னார்கள். அதே வளவின் கால் பரப்பைக்கூடத் தனியே நின்று விற்க முடியாது. சொந்தக்காரி போல நின்ற காவல்காரி.

மிசிஸ் பேர்லிங்கும் அப்படித்தான். நாடகத்தில் அவ புருசனை விடச் சமூகத்தில் உயர்ந்த இடத்திலிருந்து வந்தவ என்று ஆசிரியரே குறிப்புக் கொடுக்கிறார். புருசன் காசுக்காரன், ஆனால் மேசையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று திருத்துகிறது அவதான். அவருக்கோ ‘சேர்’ பட்டம் வரப்போகிறது என்ற ஆசை. எங்கட பக்கத்தில் அந்த நேரம் பட்டம் கொடுத்ததும் அதே இங்கிலாந்து அரசுதான்: உடையார், மணியகாரர், முதலியார். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட ‘நானாடகம்’ என்ற தொகுப்பில் ஒரு நாடகத்தின் பேரே ‘உடையார் மிடுக்கு’. வடமராட்சிப் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்த மனிசன். அந்த மிடுக்கு என்ற சொல்லை இங்கிலீசில எழுத வெளிக்கிட்டால் ஒரு வசனம் வேணும்.

இதில் சின்ன ஒரு விசயம், ஆனால் எனக்குப் பிடித்தது. ஜெரால்டின் தாய் லேடி குறொஃப்ட் மேடைக்கே வருவதில்லை. ஆனால் தன்ர மகன் இன்னும் நல்ல இடத்தில் கட்டியிருக்கலாம் என்று அவவுக்கு மனக்குறை என்று மிஸ்டர் பேர்லிங் வாயாலேயே தெரியவருகிறது. ஒவ்வொரு மிசிஸ் பேர்லிங்குக்கும் மேலே ஒரு லேடி குறொஃப்ட் இருக்கிறா. எங்கட ஊரில ‘உயர்சாதி’ எண்டு ஒரே பேரில சொல்லிற ஆக்களுக்குள்ள எத்தினை படி! ‘அவையளும் நாங்களும் ஒண்டுதான், ஆனா செய்யமாட்டம்’ என்ற வசனத்தைக் கேட்காத ஆள் தென்மராட்சியில் இருக்கமாட்டார்.

திரும்பவும் பேர் விசயத்துக்கு வருவோம். ஈவா ‘மிசிஸ் பேர்லிங்’ என்ற பேரை எடுத்ததும் அவவுக்கு ஏன் அவ்வளவு கோவம்? லண்டன் பிள்ளையளுக்கு இது விளங்கப்படுத்தக் கஷ்டம். எங்களுக்குக் கஷ்டமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் தங்கட பிள்ளைக்கு விரும்பின பேரை வைக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. கந்தன் என்று வைக்கலாம், கந்தசாமி என்று வைக்கக்கூடாது. அந்தப் பின்பாதியில்தான் மரியாதை இருந்தது. பேர் மட்டுமில்லை. பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது, ஆண்கள் சால்வையை இடுப்பில் கட்டவேண்டும், குடை பிடிக்கக்கூடாது, செருப்புக் கூடாது, நகை கூடாது, செத்தவீட்டுக்கு மேளம் கூடாது. வீட்டுக்காரரை ‘நயினார்’, வீட்டுக்காரியை ‘நாச்சியார்’ என்று கூப்பிடவேண்டும். அந்த வீட்டு ஐந்து வயதுப் பிள்ளை இந்த அறுபது வயது மனிசனைப் பேர் சொல்லிக் கூப்பிடும்.

வீட்டின் அமைப்பே ஒரு வரைபடம். படலை, முற்றம், திண்ணை, உள்ளறை, அடுப்படி. யார் எதுவரை வரலாம் என்று எழுதிவைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். தண்ணி கேட்டால் சிலருக்கு மூக்குப்பேணி, சிலருக்குச் சிரட்டை. முற்றத்தில் இருந்து கைகுவித்துக் குடித்தவர்களும் உண்டு. இதை நடத்தினது திண்ணையில் சாய்ந்திருந்த ஆம்பிளை இல்லை. சிரட்டையை எடுத்துக்கொடுத்தது அடுப்படியில நிண்ட மனிசி. பிள்ளைப்பேறு நடந்தால் ஓடிவந்து கைகொடுத்த மருத்துவிச்சி கனஊர்களில் குடிமைச் சாதிப் பெண். துடக்குக்கு மாற்றுத் துணி கொண்டுவந்தது கட்டாடி வீட்டுப் பெண். அந்த வீட்டு வாரிசு இந்த உலகத்துக்கு வந்ததே அவர்களின் கையில். பிள்ளை வளர்ந்து நடக்கத் தொடங்கின பிறகு அந்தக் கைக்குத் திண்ணையும் இல்லை.

இதெல்லாம் சும்மா நடந்துகொண்டு இருக்கவில்லை. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பிறகு வாலிபர் காங்கிரஸ் என்று பேர்பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்னுக்கு நின்றார்கள். அவர்களின் கூட்டங்களில் எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் இது விளையாட்டு இல்லை. உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற உத்தரவு 1929–30 அளவில் வந்தபோது பள்ளிக்கூடங்களே எரிக்கப்பட்டன. அதுவரை ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் நிலத்தில்தான் இருந்தார்கள், சில இடத்தில் வகுப்புக்கு வெளியே. ஒரு வாங்கில் இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதைத் தாங்கேலாமல் பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு வைத்த சமூகம் நாங்கள். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு 21 வயதுக்கு மேற்பட்ட எல்லா ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குத் தந்தது. அந்த யோசனை வந்தபோதே அதற்கு எதிராக நின்றவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். பெண்களுக்கென்று 1913இல் கல்லூரி கட்டினவர். அதே மனிதர்தான் எல்லாருக்கும் வாக்கு ஆபத்து என்று நினைத்தவர். கல்வி கொடுக்கலாம், வாக்குக் கொடுக்கக்கூடாது. தருமம் செய்யலாம், உரிமை தரக்கூடாது. மிசிஸ் பேர்லிங்கின்ர கொமிற்றியும் இதே கணக்குத்தான் பார்த்தது.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், 21ஆம் இலக்கம், வந்தது. கோயில், தேத்தண்ணிக்கடை, பள்ளிக்கூடம் போன்ற பொது இடங்களில் சாதி சொல்லி ஒருவரைத் தடுத்தால் குற்றம். சட்டம் வந்து பத்து வருடமாகியும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், பிறகு வந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும்தான் அந்தத் தாளுக்கு உயிர் கொடுத்தன. சங்கானை, அச்சுவேலி, நெல்லியடி, எங்கட பக்கத்தில் கொடிகாமம் என்று தேத்தண்ணிக்கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலிலும் போராட்டம் நடந்தது. பங்குனித் திங்களுக்கு அங்க பொங்கப்போற இண்டைய பெடியள் எத்தினை பேருக்கு அது தெரியும் எண்டு தெரியேல்லை.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் எல்லாருக்கும் தெரியும். 1968. வாசலில் மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கினவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் படித்தவர், கணிதப் பேராசிரியர், முன்னாள் மந்திரி. ‘அடங்காத் தமிழன்’ என்று பேர். 1957 சட்டத்தின்கீழ் அவர்மேல் வழக்கு வந்தது, குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, அவர் அடங்காமல் லண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் கொண்டுபோனார். அந்த வழக்கின் பேர் என்ன தெரியுமோ? சுந்தரலிங்கம் எதிர் காங்கேசன்துறைப் பொலிஸ் இன்ஸ்பெக்டர். பிரீஸ்ட்லியின் இன்ஸ்பெக்டர் உண்மையான ஆளா, ஆவியா என்று இன்றைக்கும் பரீட்சையில் கேள்வி வருகிறது. எங்கட இன்ஸ்பெக்டர் சட்ட அறிக்கையில் அச்சாகியே இருக்கிறார்.

அந்தப் போராட்டத்திலிருந்து ஒரு நாடகம் வந்தது. என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’. அம்பலத்தாடிகள் அதைக் காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடினார்கள். கந்தனே போராடுகிற சனத்தின் பக்கம் வந்து நிற்கிறான். ஊரூராக ஆடின நாடகம். மௌனகுருவின் ‘சங்காரம்’ அதே காலத்து இன்னொன்று. நான் இவற்றை மதிக்கிறேன். ஆனால் இந்த நாடகங்களில், பிறகு வந்த கனவற்றிலும், ஒடுக்குகிறவர் எண்டால் ஒரு ஆம்பிளை. உடையார், முதலாளி, தர்மகர்த்தா, மீசை. அடுப்படியில சிரட்டை எடுத்துக்கொடுத்த மனிசி மேடைக்கு வரவே இல்லை. பிரீஸ்ட்லி அவவை மேடையில் இருத்திக் கேள்வி கேட்டார். அந்த அளவில் அவர் எங்கட ஆக்களை விட ஒரு அடி முன்னுக்குத்தான்.

ஆனால் அங்கேயே ஒரு பொறியும் இருக்கிறது. நாடகம் பார்த்துவிட்டு வருகிற எல்லாரும் மிசிஸ் பேர்லிங்கைத்தான் திட்டுகிறார்கள். தகப்பன் கொஞ்சம் பகிடியான ஆள்: மூழ்கவே மூழ்காது என்று டைட்டானிக்கைப் பற்றிப் பெருமையடிக்கிறவர், யுத்தம் வராது என்கிறவர். சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஈவாவின் சம்பளத்தை மறுத்து முதலில் தெருவுக்கு விட்டது அவர். இரண்டரை ஷில்லிங் மிச்சம் பிடித்தது அவர். அந்த மிச்சத்தில்தான் மனிசிக்குத் தருமச் சங்கத்தில் கதிரை. மகன் எரிக்கைப் பாருங்கோ. உண்மை வெளிவந்ததும் தாயைப் பார்த்து, என்ர பிள்ளையை நீங்கள்தான் கொன்றீங்கள் என்று கத்துகிறார். அரங்கத்தில் எல்லாரும் அவரோடு சேர்ந்து அழுகிறார்கள். குடிவெறியில் அந்தப் பெண்ணின் அறைக்குள் பலவந்தமாகப் போனது யார்? அதை ஒருவரும் அந்த நிமிசம் நினைக்கிறதில்லை.

எங்கட ஊரில் இந்த எரிக்மார் நிறைய. “எனக்குச் சாதி கீதி ஒண்டுமில்லை மச்சான். அம்மாதான் ஒத்துக்கொள்ளமாட்டா. மருந்து குடிச்சிடுவன் எண்டு நிக்கிறா.” மூன்று வருசம், நாலு வருசம் பழகின பிள்ளைக்கு இப்படி ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு, ஆறு மாதத்தில் அம்மா பார்த்த இடத்தில் சீதன வீட்டோடு கலியாணம். கார் ஒன்றும் சேர்ந்து வரும். முற்போக்குக் கதைக்கிற பெடியள், பெரியாரின்ர படம் புரொபைலில போட்ட பெடியள்கூட. அம்மா வில்லியாக இருக்கிறது அவர்களுக்கு வசதி. அவ இல்லாட்டி அந்த வீட்டை வேண்டாம் என்று தாங்களே சொல்லவேண்டி வரும். அப்பாவும் பேப்பரில் இருந்து தலை நிமிர்த்தவேண்டி வரும். மிசிஸ் பேர்லிங் மாறாமல் இருக்கிறதால் ஆருக்கு லாபம் என்று கேட்டால், முதல் லாபம் அவவுக்கு இல்லை.

இதைச் சொல்கிறது அவவைக் காப்பாற்ற இல்லை. கர்ப்பிணிப் பெண்ணைத் திருப்பி அனுப்பினது அவவின் வாய்தான். சிரட்டையை நீட்டினது அவவின் கைதான். ஆனால் அவ ஏன் வருந்துவதில்லை என்ற கேள்விக்கு, அவ கல்நெஞ்சுக்காரி என்பது விடை இல்லை. அவ தன்ர கடமையைச் செய்தவ. கொமிற்றியின் விதிப்படி விசாரித்தவ. அவவுக்கு ஒப்படைத்த ஒரே வேலை, தகுதியானவர் யார், தகுதியில்லாதவர் யார் என்று பார்க்கிறது. அந்த வேலை பிழை என்று ஒத்துக்கொண்டால், ஐம்பது வயது மட்டும் வாழ்ந்த வாழ்க்கையில் மிஞ்சிறதுக்கு என்ன இருக்கிறது? ஷீலாவுக்கு இருபது சொச்சம் வயது, மாறலாம், இழக்க மோதிரம் ஒன்றுதான். சுந்தரலிங்கத்துக்காவது ஒரு சட்டம் வந்தது, ஒரு நீதவான் முன்னால் நின்றார். 1957 சட்டம் கோயில் வாசலுக்கும் கடை வாசலுக்கும் போனது. அடுப்படிக்கும் கலியாணப் பேச்சுக்கும் எந்தச் சட்டமும் போகேல்லை. போகவும் ஏலாது. எங்கட அம்மாக்களை இதுவரை ஒரு இன்ஸ்பெக்டரும் இருத்தி விசாரிக்கவில்லை.

ஒரே ஒருமுறை வரலாறு வீட்டுக்குள் வந்தது. 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தது. சாவகச்சேரியில் திண்ணை, விறாந்தை, பள்ளிக்கூடம், மரத்தடி எல்லாம் சனம். ஒரு வீட்டில் பத்துக் குடும்பம். மழை. அந்த நேரம் “எவடம்?” என்ற கேள்விக்கு வேறு அர்த்தம் வந்தது. சில வீட்டு அம்மாமார் ஒன்றும் கேட்காமல் அடுப்படியையே விட்டுக்கொடுத்தார்கள் என்று எங்கட பெரியாக்கள் சொல்லுவினம். சில வீட்டில் அடுப்பு முற்றத்துக்கு வந்தது, கிணற்றுக்கு நேரம் வைத்தார்கள், வாளியையும் கயிற்றையும் உள்ளே எடுத்து வைத்தார்கள். இரண்டும் ஒரே ஒழுங்கையில் நடந்தது. ஐந்து வருடம் கழித்து, 2000ஆம் ஆண்டு சண்டையில் சாவகச்சேரி நகரமே தரைமட்டமானது. நாச்சியார் வீட்டுத் திண்ணையும் போனது. திரும்பிவந்து கட்டின வீடுகளில் திண்ணை இல்லை, ரைல்ஸ் போட்ட விறாந்தைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமகள் தேவை விளம்பரத்தைப் பிரித்துப் பாருங்கோ. முதல் வரியில் ஊர், இரண்டாவது சொல்லில் சாதி, பிறகுதான் பிள்ளையின் படிப்பு.

தருமச் சங்கமும் போகவில்லை, வடிவம் மாறியிருக்கிறது. வெளிநாட்டுக் காசில் ஊருக்கு உதவி செய்கிற குழுக்களில் இப்ப எங்கட வயது ஆக்களும் இருக்கிறோம். நல்ல வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கேலாது. ஆனால் ஆருக்குக் குடுக்கிறது எண்டு கதைக்கேக்க காதில விழுகிற வசனங்களைக் கேளுங்கோ. “உண்மையாக் கஷ்டப்பட்ட சனமோ?” “கையில போன் வச்சிருக்கினமே.” “மனிசன் குடிகாரன், குடுத்துப் பிரயோசனமில்லை.” “முதல் தந்ததுக்கு ஒரு நன்றி சொல்லேல்லை.” பிறகு, உதவி வாங்குகிற அம்மாவை வாசலில் நிற்கவைத்துப் படம். பிரம்லிக் கொமிற்றியில் கமெரா இருந்திருந்தால் மிசிஸ் பேர்லிங்கும் எடுத்திருப்பா.

நாடகத்தில் இன்னொரு பெண் இருக்கிறா. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையள் அவவைப் பற்றி எழுதுகிறது குறைவு. எட்னா, அந்த வீட்டு வேலைக்காரி. மேசையைத் துடைக்கிறா, இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார் என்று சொல்கிறா, தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்று மிசிஸ் பேர்லிங் சொன்னதும் உள்ளே போகிறா. ஈவாவின் வர்க்கம். வீடு முழுக்க ஒரு ஏழைப் பெண்ணின் சாவைப் பற்றிக் கதைக்கிற அந்த இரவு, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாவோ இல்லையோ தெரியாது. இன்ஸ்பெக்டர் கூட அவவிட்ட ஒரு கேள்வி கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் அந்த இடத்தில் கனகாலம் நின்றது மலையகத்திலிருந்து பத்து, பன்னிரண்டு வயதில் கூட்டிவந்த பிள்ளையள். “எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வச்சிருக்கிறம்” எண்டு சொல்லுவினம். அந்த வீட்டுப் பிள்ளையள் மேசையில இருந்து ரியூசன் பாடம் செய்யேக்க, அந்தப் பிள்ளை அடுப்படி நிலத்தில படுத்திருக்கும். அதின்ர ஊர் எவடம் எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை.